சர்வதேச அரசியல் என்றொரு படிப்பு

எங்களுடைய வீடுகளில் சர்வதேச அரசியல் பேசப்படாத நாள் குறைவு. பிறந்தநாளானாலும் செத்தவீடானாலும் நாலு பேர் கூடிய இடத்தில் அமெரிக்கா என்ன நினைக்கிறது, இந்தியா எந்தப் பக்கம் சாயும், சீனா அம்பாந்தோட்டையில் என்ன செய்கிறது என்ற கதை வந்தே தீரும். ஆனால் அதே வீட்டுப் பிள்ளை அபித்தூர் முடித்துவிட்டு 'நான் சர்வதேச அரசியல் படிக்கப் போகிறேன்' என்று சொன்னால் கதை நின்றுவிடுகிறது. 'அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கிறது?' என்பது முதற் கேள்வி. 'அதில படிக்க என்ன இருக்கு, எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே' என்பது வாய்விட்டுக் கேட்கப்படாத இரண்டாவது கேள்வி.

முதற் கேள்வி நியாயமானது. அதற்குப் பின்னர் வருவோம். இரண்டாவது கேள்விதான் இக்கட்டுரையின் விடயம். நாம் தெரியுமென்று நினைப்பதற்கும் இந்தத் துறை கற்பிப்பதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்துக்கு ஒரு சமூகமாக நாம் விலை கொடுத்திருக்கிறோம் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

அகதிகள் கட்டிய துறை

சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதலாவது பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெறிஸ்விற் நகரில் உருவாக்கப்பட்டது. முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, இப்படியொரு போர் ஏன் வந்தது, இனி வராமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து பிறந்த துறை இது. அடுத்த ஆண்டே, 1920இல், பேர்லினில் 'ஜேர்மன் அரசியல் உயர்கல்லூரி' தொடங்கப்பட்டது. புதிதாக வந்த ஜனநாயகத்துக்கு அரசியல் தெரிந்த குடிமக்கள் வேண்டுமென்பது அதன் நோக்கம். பகலில் வேலை செய்பவர்கள் மாலையில் வந்து படித்தார்கள். பின்னாளில் மேற்கு ஜேர்மனியின் முதற் சனாதிபதியான தியடோர் ஹொய்ஸ் அங்கு கற்பித்தவர்களில் ஒருவர்.

1933இல் நாசிகள் அதனைக் கைப்பற்றினார்கள். அங்கு கற்பித்த யூதர்களும் சோசலிஸ்டுகளும் லிபரல்களும் நாட்டை விட்டு ஓடினார்கள். இதன் பின்னர் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். ஓடியவர்களில் ஒருவரான ஆர்ணல்ட் வொல்பேர்ஸ் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முக்கிய ஆசிரியரானார். கோபூர்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த ஹான்ஸ் மோர்கன்தாவ் ஜெனீவா, மட்றிட் என்று அலைந்து 1937இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1948இல் அவர் வெளியிட்ட நூல் பல தசாப்தங்களாக இத்துறையின் அடிப்படைப் பாடநூலாக இருந்தது. ஒரு நாடு தன் பாதுகாப்புக்கென்று ஆயுதம் சேர்க்க, அதைக் கண்டு பயந்து மற்ற நாடும் சேர்க்க, இறுதியில் இருவருமே பாதுகாப்பற்றவர்களாவதை விளக்கும் 'பாதுகாப்புப் பொறி' என்ற கருத்தை முன்வைத்த ஜோன் ஹேர்ஸ், டுசல்டோர்பிலிருந்து வெளியேறியவர்.

சிலர் திரும்பியும் வந்தார்கள். 1938இல் தப்பியோடிய ஏர்ன்ஸ்ட் பிறங்கல் 1951இல் பேர்லினுக்கு மீண்டு, 1949இல் மறுபடி திறக்கப்பட்ட அதே கல்லூரியில் கற்பித்தார். அது 1959இல் பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து ஓட்டோ சூர் நிறுவகமாயிற்று. ஜேர்மனியில் அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கும் பெரிய நிறுவகங்களில் ஒன்று அது.

ஆக, இத்துறை இராசதந்திரிகளின் வீட்டுப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது என்ற எண்ணம் தவறு. அரசு தன்னுடைய மக்களையே எப்படிக் கைவிடும் என்பதை உடம்பால் அறிந்த அகதிகள் அதற்குப் பெரும்பங்கு ஆற்றியிருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தோடு நின்றுவிடவில்லை. அனுபவத்தைக் கேள்வியாக்கினார்கள். நாம் இன்னும் பெரும்பாலும் அனுபவத்திலேயே நிற்கிறோம்.

'அரசு' என்ற சொல் எங்களுக்குச் செய்தது

முதலாம் அரையாண்டு மாணவருக்கு விதிக்கப்படும் முதற் கேள்விகளில் ஒன்று: அரசு என்றால் என்ன? ஒரு நிலப்பரப்புக்குள் நியாயமான வன்முறையைப் பிரயோகிக்கும் ஏகபோக உரிமையைத் தனதாக்கிக் கொண்ட அமைப்பே அரசு என்று மக்ஸ் வேபர் 1919இல் சொன்ன வரைவிலக்கணத்தைப் படிப்பார்கள். நிரந்தர மக்கள், நிலம், அரசாங்கம், பிற அரசுகளுடன் உறவுகொள்ளும் ஆற்றல் என்று நான்கு நிபந்தனைகளைக் கூறும் 1933ஆம் ஆண்டின் மொன்ரவிடியோ உடன்படிக்கையைப் படிப்பார்கள். வறண்ட பாடம் என்று தோன்றும். ஆனால் இந்த வறண்ட கேள்விதான் ஜேர்மனிக்கு வந்த தமிழ் அகதிகளின் தலைவிதியை எழுதியது.

1989 ஜூலை 10ஆம் திகதி கார்ல்ஸ்றூக நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் இலங்கைத் தமிழர்களின் வழக்குகளில் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஜேர்மன் அகதிச் சட்ட நூல்களில் அது இன்றும் 'தமிழர் தீர்ப்பு' என்றே குறிப்பிடப்படுகிறது. அரசியல் ரீதியான துன்புறுத்தல் என்பது அரசிடமிருந்து வருவது என்பது அதன் அடிப்படை. உள்நாட்டுப் போரில் அரசு ஒரு பகுதியில் தன் மேலாண்மையை இழந்து போரிடும் தரப்புகளில் ஒன்றாக மட்டும் ஆகிவிட்டால், அங்கு அதன் போர் நடவடிக்கைகளைப் பொதுவாகத் 'துன்புறுத்தல்' என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்போடு இனத்தால் சேர்ந்த, போரில் ஈடுபடாத மக்களை அழிப்பதே நோக்கமாகும்போது மட்டும் நிலைமை மாறும். அத்தோடு, நாட்டின் வேறொரு பகுதியில் பாதுகாப்பாக வாழ முடியுமானால் அகதி அந்தஸ்து கிடையாது என்ற 'உள்நாட்டுப் புகலிட மாற்று' என்ற கருத்தும் அத்தீர்ப்பில் விரிவாக வரையறுக்கப்பட்டது. 'ஏன் கொழும்பில் இருக்கக்கூடாது?' என்று எம்மவர் எத்தனையோ பேரிடம் கேட்கப்பட்டதே, அந்தக் கேள்வியின் சட்ட வடிவம் இதுதான்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். துன்புறுத்துவது அரசாகவே இருக்கவேண்டுமானால், இயக்கங்களால் துரத்தப்பட்டு வந்தவரின் கதி என்ன? விடுதலைப் புலிகளாலோ வேறு இயக்கத்தாலோ உயிராபத்து என்று சொன்ன தமிழரின் முறைப்பாடு இந்தக் கட்டத்துக்குள் அடங்காமல் போயிற்று. 2000 ஓகஸ்டில் தலிபான் ஆட்சி தொடர்பான வழக்கொன்றில்தான், அரசை ஒத்த அதிகாரம் செலுத்தும் அமைப்பின் துன்புறுத்தலையும் கணக்கிலெடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் வழியைச் சற்று அகலமாக்கியது. அரசு அல்லாத தரப்புகளின் துன்புறுத்தல் சட்டத்தில் தெளிவாக ஏற்கப்பட்டது 2005 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தோடுதான்.

ஒரு சொல்லின் வரைவிலக்கணம் ஒருவரின் விசாவாகவும் மற்றவரின் டுல்டுங்காகவும் மாறுவதை நாம் கண்ணெதிரே கண்டோம். ஆயினும் அதை 'வெள்ளைக்காரன் எங்களை விரும்பேல்லை' என்ற ஒற்றை வசனத்தால் விளங்கிக்கொண்டோம். நீதிபதிகள் எந்த அரசுக் கோட்பாட்டில் நின்று பேசினார்கள், அக்கோட்பாட்டின் பலவீனம் எங்கே என்று எங்கள் மொழியில் நடந்த விவாதம் மிகக் குறைவு.

ஒரே சம்பவம், நான்கு கேள்விகள்

இத்துறையில் 'கோட்பாடு' என்று கற்பிக்கப்படுவது வேதம் அல்ல. ஒரே சம்பவத்தை வெவ்வேறு கேள்விகளோடு அணுகும் முறை. முக்கியமான நான்கை எங்களுக்குத் தெரிந்த உதாரணங்களோடு பார்க்கலாம்.

முதலாவது யதார்த்தவாதம். உலகில் அரசுகளுக்கு மேல் அரசு இல்லை, ஆகவே ஒவ்வோர் அரசும் தன் பலத்தையும் பாதுகாப்பையுமே முதலில் பார்க்கும் என்பது இதன் தொடக்கம். 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்களைப் பரிமாறிக் கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான இராணுவப் பாவனைக்கு விடப்படாது, எண்ணெய்க் குதங்கள் கூட்டாகப் புனரமைக்கப்படும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் மீளாய்வு செய்யப்படும் என்பன அவற்றிலிருந்த விடயங்கள். மாகாணசபை பற்றிய பந்திகளை மட்டும் வாசித்தவருக்கு ஒப்பந்தத்தின் பாதிதான் தெரியும். எங்கள் பயணமே இன்னொரு உதாரணம். எண்பதுகளின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் வந்து மேற்கு பேர்லினுக்குள் எம்மவர் நுழைந்த பாதை 1985இல் இரு ஜேர்மனிகளுக்கும் இடையிலான பேரத்தின் பின்னர் இலங்கையருக்கு அடைக்கப்பட்டது. 1986 ஒக்டோபரில் ஏனைய நாட்டவருக்கும் அடைக்கப்பட்டது. நாம் அங்கு பேரம்பேசும் நாணயமாக இருந்தோம்.

இரண்டாவது நிறுவனவாதம். அரசுகள் சுயநலமிகளாயினும் விதிகளும் அமைப்புகளும் அவற்றின் நடத்தையை மாற்றும் என்பது இதன் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதோடு பிணைக்கப்பட்டது. இலங்கைக்கு அது 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டு 2017 மேயில் மீண்டும் கொடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை ஆராய்வது நல்ல ஆய்வுக்கட்டுரைக்குரிய விடயம்.

மூன்றாவது லிபரல் அணுகுமுறை. அரசை ஒற்றை மனிதராகப் பார்க்காமல், உள்ளே யார் யாரை நெருக்குகிறார்கள் என்று கேட்பது. 'இந்தியா' என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். 2013 மார்ச்சில் ஜெனீவாத் தீர்மானம் தொடர்பாகத் தி.மு.க. மத்திய கூட்டணியிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு அதே ஜெனீவாவில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. தமிழகம், டில்லி, வெளியுறவு அமைச்சு ஆகியவற்றின் கணக்குகள் வேறு வேறு.

நான்காவது, கருத்துகளும் அடையாளங்களும் நலன்களையே உருவாக்குகின்றன என்று சொல்லும் கட்டமைப்புவாதம். 'விடுதலைப் போராட்டம்' என்ற பெயரும் 'பயங்கரவாதம்' என்ற பெயரும் வெறும் சொற்களல்ல. 2001 செப்ரெம்பருக்குப் பின் இரண்டாவது பெயர் பெற்ற பலத்தை நாம் அறிவோம். 2006 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பட்டியலிட்டபோது, ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டுமென்று புலிகள் கேட்டார்கள். சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் விலக, நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. ஒரு பெயரிடலும் அதற்கு அளிக்கப்பட்ட பதிலும் சேர்ந்து, போரின் வாசலில் சாட்சிகளின் தொகையைக் குறைத்தன.

இந்த நான்கில் எதுவும் தனியே முழு விளக்கம் தராது. 'எல்லாம் அமெரிக்காவின்ர விளையாட்டு' என்பதும் ஒரு கோட்பாடுதான். ஆனால் அது எதையும் விளக்குவதால், எதையும் பிழையென்று நிரூபிக்க இடம் தராது. பல்கலைக்கழகம் முதலில் உடைப்பது இப்பழக்கத்தைத்தான்.

உலக அரசு இல்லை, உலக ஆளுகை உண்டு

இத்துறையின் பாடத்திட்டங்களில் தொண்ணூறுகளிலிருந்து அதிகம் அடிபடும் சொல் 'உலக ஆளுகை'. உலகம் முழுவதுக்குமான அரசாங்கம் என்று இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. உலக அரசாங்கம் இல்லாத நிலையிலும் கடிதம் நாடுவிட்டு நாடு போகிறது, விமானம் பறக்கிறது, கடலுக்குச் சட்டம் இருக்கிறது, அகதிக்கு 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை இருக்கிறது. அரசுகள், ஐ.நா. அமைப்புகள், நீதிமன்றங்கள், கம்பனிகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து விதிகளை உருவாக்கி நடத்தும் இந்த ஏற்பாட்டைத்தான் அச்சொல் குறிக்கிறது.

இக்கருத்து பரவியதில் ஜேர்மனிக்கு ஒரு பங்குண்டு. நாசிகளிடமிருந்து தப்பி நோர்வேயில் அகதியாக வாழ்ந்து, ஜேர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டு, பின்னர் இந்நாட்டின் சான்சலரான வில்லி பிறான்ட், வடக்கு தெற்கு நாடுகள் பற்றிய ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கி 1980இல் அதன் அறிக்கையை வெளியிட்டார். 1986இல் 'அபிவிருத்தியும் சமாதானமும்' என்ற மன்றம் அவருடைய முயற்சியால் தொடங்கப்பட்டது. 1992இல் அமைக்கப்பட்ட உலக ஆளுகை ஆணைக்குழுவுக்கு சுவீடனின் இங்வார் கார்ல்சனும் கயானாவின் ஸ்ரீதத் ராம்பாலும் இணைத்தலைமை வகித்தார்கள். அதன் அறிக்கை 1995இல் வந்தது. டூயிஸ்பேர்க்கில் 1990இல் நிறுவப்பட்ட அபிவிருத்தி, சமாதான ஆய்வு நிறுவகம் இக்கருத்தை ஜேர்மன் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவந்த இடங்களில் ஒன்று.

இச்சொல்லை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆளுகை என்ற மென்மையான சொல் ஆதிக்கத்தை மறைக்கிறது, விதிகளை எழுதுபவர்கள் வடக்கில் இருக்கிறார்கள், விதிகளுக்குள் அடங்குபவர்கள் தெற்கில் இருக்கிறார்கள் என்பது அவர்களின் வாதம். சர்வதேசச் சட்டத்தின் 'இறைமை' என்ற கருத்தே குடியேற்ற ஆட்சியின் மோதலில் உருவானது என்று காட்டிய அன்ரனி ஆங்கீ இலங்கைப் பின்னணி கொண்ட அறிஞர். இந்த விவாதத்துக்குள் நுழைய எங்கள் பிள்ளைகளுக்கு உரிமையுண்டு, காரணமும் உண்டு.

ஜெனீவாவில் எண்ணப்படாத கணக்கு

இவ்வளவும் புத்தகப் படிப்புத்தானே என்று கேட்பவர்களுக்காக 2009 மே மாதத்தைத் திரும்பிப் பார்ப்போம்.

போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட சில நாட்களில், மே 26, 27ஆம் திகதிகளில், ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை பற்றி விசேட அமர்வொன்றைக் கூட்டியது. அந்த அமர்வைக் கோரியது ஜேர்மனி. பேரவையின் 47 உறுப்பினரில் மூன்றிலொரு பங்கினர், அதாவது 16 பேர், ஒப்பமிட்டால் விசேட அமர்வைக் கூட்டலாம். 17 பேர் ஆதரித்தார்கள். கூட்டம் கூடியது. ஆனால் நிறைவேறியது இலங்கை அரசே கொண்டுவந்த, அரசைப் பாராட்டும் தீர்மானம். ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. அமர்வைக் கோரிய 17 பேர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. ஜேர்மனி முன்வைத்த திருத்தங்களை விவாதிப்பதே கியூபாவின் நடைமுறைப் பிரேரணையால் தடுக்கப்பட்டது. இந்தியா, சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, தென்னாபிரிக்கா எல்லாம் ஒரே பக்கம் நின்றன.

எங்களவர்களுக்கு இது பேரிடியாக இருந்தது. துறையைக் கற்ற ஒருவருக்கு இது அதிர்ச்சியாக இருந்திருக்காது. பேரவையின் ஆசனங்கள் பிராந்தியவாரியாகப் பங்கிடப்பட்டவை. ஆபிரிக்காவுக்கு 13, ஆசிய பசுபிக்குக்கு 13, லத்தீன் அமெரிக்காவுக்கும் கரிபியனுக்கும் 8, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6, மேற்கு நாடுகளுக்கு 7. இலண்டன் பாராளுமன்றச் சதுக்கத்திலும் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையிலும் எம்மக்கள் பல்லாயிரக்கணக்கில் நின்றார்கள். அந்தக் குரல் எட்டியது அந்த 7 ஆசனங்களுக்குத்தான். மிச்சம் 40 ஆசனங்கள் இருந்த தலைநகரங்களில் எங்களைப் பற்றி யார் பேசினார்கள்? அங்குள்ளவர்களுக்கு மேற்குலகின் தலையீடு பற்றிய நினைவு வேறு. 'இறைமை' என்ற சொல் அவர்களுக்குக் குடியேற்ற ஆட்சியிலிருந்து மீண்ட கதையைச் சொல்லும்.

அந்த மொழியை அறிந்து பேசியவர் அப்போது ஜெனீவாவில் இலங்கையின் தூதுவராயிருந்த தயான் ஜயதிலக. அவர் ஓர் அரசியல் விஞ்ஞானி. அணிசேரா நாடுகளின் சொல்லாட்சியையும் பேரவையின் விதிமுறைகளையும் அவர் பயன்படுத்திய விதத்தை நாம் வெறுக்கலாம். ஆனால் அதிலிருந்து படிக்காமல் விடுவது மடைமை. கண்ணீரும் உண்மையும் எங்களிடம் இருந்தன. வாக்கு எண்ணத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள்.

பின்னர் நிலைமை மாறியதும் இதே கணக்கின் வழியாகத்தான். 2012 மார்ச்சில் அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானம் 24க்கு 15 என்ற வாக்குகளில் நிறைவேறியது. அம்முறை இந்தியா ஆதரித்தது. 2015 ஒக்டோபரில் இலங்கையே இணை அனுசரணை வழங்கிய தீர்மானம் வாக்கெடுப்பின்றி ஏற்கப்பட்டது. 2020இல் கொழும்பு அதிலிருந்து விலகியது. 2021 மார்ச்சில் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறிமுறைக்கு வழிசெய்த தீர்மானம் 22க்கு 11 என்று நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த சிறு குழுவில் ஜேர்மனியும் இருந்தது, ஆபிரிக்காவின் மலாவியும் இருந்தது. ஒரு மலாவியின் பெயர் அப்பட்டியலில் இருப்பதன் பெறுமதியை 2009இன் கணக்கைத் தெரிந்தவரே உணர்வார்.

ஐ.நா.வின் தோல்வியும் படிக்க வேண்டியதே. 2005இல் உலகத் தலைவர்கள் கூடி 'பாதுகாக்கும் பொறுப்பு' என்ற கோட்பாட்டை ஏற்றார்கள். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இலங்கை வரவேயில்லை. 2012 நவம்பரில் வெளியான சாள்ஸ் பெற்றியின் உள்ளக அறிக்கை ஐ.நா. தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது. ஓர் அமைப்பு ஏன் தவறுகிறது, தனிமனிதர்களின் கோழைத்தனத்தாலா, உறுப்பு நாடுகளின் நெருக்குதலாலா, அலுவலகங்களுக்கிடையிலான குழப்பத்தாலா? உலக ஆளுகை பற்றிய பாடநெறிகளில் இது ஆராயப்படவேண்டிய கேள்வி. எங்கள் பிள்ளைகள் அந்த வகுப்பில் இல்லாவிட்டால் மற்றவர்கள் எங்களைப் பற்றி எழுதுவார்கள், நாம் மேற்கோளாக மட்டும் இருப்போம்.

எங்கே, எப்படிப் படிப்பது

ஜேர்மனியில் இதைப் படிக்கப் பல வழிகள் உள்ளன. பெரும்பாலானோர் அரசியல் விஞ்ஞானத்தில் ஆறு அரையாண்டுகள் கொண்ட இளநிலைப் பட்டம் முடித்து, நான்கு அரையாண்டு முதுநிலைப் பட்டத்தில் சர்வதேச உறவுகளுக்குச் செல்வார்கள். டிறெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அரசியல், சட்டம், பொருளாதாரம் மூன்றையும் இணைத்து இளநிலையிலேயே சர்வதேச உறவுகளைக் கற்பிக்கிறது. பேர்லினின் இரு பல்கலைக்கழகங்களும் பொட்ஸ்டாமும் இணைந்து முதுநிலைப் பட்டமொன்றை நடத்துகின்றன. பிராங்பேர்ட், டார்ம்ஸ்டட் பல்கலைக்கழகங்கள் 1970இல் தொடங்கிய சமாதான ஆய்வு நிறுவகத்துடன் சேர்ந்து கற்பிக்கின்றன. மார்பேர்க், ரூபிங்கன், ஹம்பேர்க் ஆகியன சமாதானம், மோதல் பற்றிய படிப்புக்குப் பெயர்பெற்றவை. டூயிஸ்பேர்க் எசன் பல்கலைக்கழகம் சர்வதேச உறவுகளை அபிவிருத்தி அரசியலோடு சேர்த்துக் கற்பிக்கிறது. அரச பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கற்கைக் கட்டணம் இல்லை, அரையாண்டுப் பங்களிப்பு மட்டுமே. பேர்லினின் ஹேர்ட்டி போன்ற தனியார் கல்லூரிகளில் கட்டணம் உண்டு.

பணத்துக்கு பாவேக் உதவி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கு அது கிடைக்கும். டுல்டுங் உள்ளவர்களும் 15 மாதங்களின் பின் விண்ணப்பிக்கலாம். கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் சேர்ந்த பிறீட்றிக் ஏபேர்ட், ஹைன்றிக் போல், றோசா லுக்செம்பேர்க், ஹான்ஸ் பொக்லர் மன்றங்கள் புலமைப்பரிசில் தருகின்றன. அவை புள்ளியை மட்டுமன்றிச் சமூக ஈடுபாட்டையும் பார்ப்பவை. தமிழ்ப் பாடசாலையில் படிப்பித்த, அகதிகளுக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள் அதைக் குறிப்பிடத் தயங்கக்கூடாது.

வேலை செய்துகொண்டிருக்கும் முதற் தலைமுறைக்கும் கதவு பூட்டப்படவில்லை. தொலைக்கல்விக்கான ஹாகன் பல்கலைக்கழகம் அரசியல், நிர்வாகம், சமூகவியல் மூன்றும் சேர்ந்த இளநிலைப் பட்டத்தை வழங்குகிறது. தொழிற்பயிற்சியும் தொழில் அனுபவமும் உள்ளவர்கள் அபித்தூர் இல்லாமலும் பல்கலைக்கழகம் செல்லும் வழிகள் 2009 முதல் அகலமாயின. பட்டம் வேண்டாம், கேட்டால் போதும் என்பவர்கள் பல பல்கலைக்கழகங்களில் சிறு கட்டணத்தோடு விருந்தினராக விரிவுரைகளில் இருக்கலாம்.

படிப்பு எப்படியிருக்கும்? வாசிப்பு மிக அதிகம். ஒவ்வொரு கருத்தரங்குக்கும் 15 தொடக்கம் 20 பக்கத்தில் வீட்டுக்கட்டுரை. புள்ளிவிபரவியலும் கட்டாயம், கணக்கிலிருந்து தப்ப இங்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். ஆங்கிலம் இல்லாமல் முடியாது. பிரெஞ்சு இருந்தால் கதவுகள் கூடத் திறக்கும்.

வேலை?

இனி முதற் கேள்வி. வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் உள்ளது போல் இப்படிப்புக்கென்று ஒரு தொழில் எழுதி வைக்கப்படவில்லை. அதை மறைப்பது நேர்மையல்ல. அகதிக் குடும்பம் பாதுகாப்பான தொழிலைத் தேடுவது பேராசையுமல்ல. எல்லாவற்றையும் ஒரு பையோடு விட்டுவந்தவர்களுக்கு நிச்சயம் பெறுமதியானது.

ஆனால் வழிகள் இருக்கின்றன. வெளியுறவு அமைச்சின் உயர்சேவைக்கும், ஐ.நா. அமைப்புகளுக்கு ஜேர்மன் அரசு அனுப்பும் இளநிலை அலுவலர் பதவிகளுக்கும் இப்படிப்பு உதவும். முதலாவதற்கு ஜேர்மன் குடியுரிமை அவசியம், இரண்டாவதற்கும் பொதுவாக அதுதான் வழி. 2024 ஜூன் முதல் பழைய குடியுரிமையைத் துறக்காமலே ஜேர்மன் குடியுரிமை பெற ஜேர்மன் சட்டம் இடமளிக்கிறது. பொன் நகரில் காலநிலை மாற்ற உடன்படிக்கையின் செயலகம் உட்பட ஐ.நா. அலுவலகங்கள் 1996 முதல் இயங்குகின்றன. நகரசபைகள், பத்திரிகைகள், மனித உரிமை அமைப்புகள், அபிவிருத்தி நிறுவனங்கள் எல்லாம் இப்படிப்புடையவர்களை எடுக்கின்றன. பயிற்சி வேலைகளை இரண்டாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குபவருக்கு வழி இலகு.

யாருக்காகப் படிப்பது?

இறுதியாக விவாதத்துக்குரிய ஒரு விடயம். 'இனத்துக்காகப் பிள்ளைகளை இத்துறையில் படிப்பிக்க வேண்டும், எங்களுக்கு நாளைக்குப் பேசுவதற்கு ஆட்கள் வேண்டும்' என்ற குரல் 2009க்குப் பின் எங்கள் மத்தியில் எழுந்திருக்கிறது. ஆர்வம் விளங்குகிறது. ஆனால் முடிவை முன்கூட்டியே கையில் கொடுத்து, அதற்கு ஆதாரம் தேடச் சொல்வது படிப்பு ஆகாது. அது பிரசாரம். பிரசாரத்தை வெளிநாட்டு அமைச்சுகளின் கீழ்நிலை அலுவலரும் ஒரு பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

நேர்மையாகப் படிக்கும் பிள்ளை வீட்டுக்குச் சங்கடமான கேள்விகளோடு வரும். வன்னி மக்களைக் குண்டுவீச்சுக்கு உள்ளாக்கிய அரசைப் பற்றி மட்டுமல்ல, அதே மக்களை வெளியேற விடாது தடுத்தவர்களைப் பற்றியும் கேட்கும். சிறுவர்களைப் படையில் சேர்த்ததைப் பற்றிக் கேட்கும். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டதைச் சர்வதேசச் சட்டத்தின் எந்தச் சொல்லால் அழைப்பது என்று கேட்கும். அந்தப் பிள்ளையை நாம் துரோகி என்று சொல்லப் போகிறோமா, அல்லது உட்கார்ந்து பதில் சொல்லப் போகிறோமா? இதே பிள்ளைதான் ஜெனீவாவில் எங்கள் நியாயத்தைப் பேசும்போது மற்றவர்கள் நம்பக்கூடியவராக இருப்பார். தன் பக்கத்தின் குற்றத்தைப் பேசத் துணிந்தவரின் முறைப்பாட்டுக்குத்தான் காது கிடைக்கும்.

இலங்கையின் இன முரண்பாடு பற்றிப் பல நூல்களை எழுதிய பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன் தந்தை செல்வாவின் மருமகன். அதே வேளை ஜே.ஆர். ஜயவர்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் இடையில் மத்தியஸ்தம் செய்தவர். அவருடைய முடிவுகளோடு நாம் உடன்படலாம், உடன்படாமல் விடலாம். ஆனால் இரு தரப்பும் அவரை அழைத்துப் பேசின என்பது அவருடைய அறிவுக்குக் கிடைத்த மரியாதை. அப்படிப்பட்டவர்கள் எங்களிடம் இன்று எத்தனை பேர்?

எங்கள் இளையவர்கள் எல்லோரும் இத்துறைக்குப் போகவேண்டியதில்லை. நூற்றில் ஒருவர் போனாலும் போதும். ஆனால் அந்த ஒருவரை வீட்டில் தனித்து விடாமலிருக்க வேண்டும். அவருடைய ஆய்வுக்கட்டுரையை டொச் மொழியில் வாசிக்க முடியாவிட்டாலும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும். எங்கள் சங்கங்களும் சஞ்சிகைகளும் அவருக்கு மேடை கொடுத்து, மாற்றுக் கருத்துள்ளோர் எதிர்க்கேள்வி கேட்கவும் இடம் கொடுக்கவேண்டும். இதில் உடன்பாடற்றவர்கள், குறிப்பாக இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் இளையவர்கள், அடுத்த இதழில் எழுத முன்வருவார்களானால் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறும்.